கலந்தர் அடைத்த ஜன்னல்கள்

ஹெராத்தின் பழைய பகுதியில் வீடு கட்டுகிறவர்கள் கொத்தனார் கலந்தரைக் கூப்பிட ஒரு காலத்தில் யோசித்தார்கள். வேலையில் குறை கிடையாது. மனிதருக்கு ஜன்னல் பைத்தியம், அதுதான் தொல்லை. சுவர் இடுப்பளவு எழுந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படி வரப்போகும் இடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். மாவு பிசைகிறவள் போலக் கையை ஆட்டிப் பார்ப்பார். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"பேசினது ஒரு ஜன்னல்தானே உஸ்தாத்?"

"பேசினது நீங்க. இங்க உக்காந்து ஆயுசு பூரா வெங்காயம் நறுக்கப்போறது உங்க வீட்டுக்காரம்மா. அந்தம்மாவக் கேட்டீங்களா?"

"உங்கள குழி வெட்டக் கூப்பிட்டா கபர்லயும் ஒரு ஜன்னல் வச்சிடுவீங்க போல."

"வச்சா என்ன? உள்ள இருக்கறவருக்குக் கசக்குமா?"

கோடைக்காலம் முழுக்க வடமேற்கிலிருந்து காற்று வாரி அடிக்கிற ஊர் இது. அந்தக் காற்றை வீட்டுக்குள் எந்த வழியாக விடுவது, எந்த வழியாக வெளியே அனுப்புவது என்று தெரிந்தவன்தான் கொத்தனார் என்பது அவர் கட்சி. மற்றவர்களை அவர் மண் அப்புகிறவர்கள் என்றே சொல்வார். வாய் கொஞ்சம் நீளம்தான்.

சண்டையில் தகப்பனார் போன பிறகு, மீசை அரும்பாத வயதில் மாமனோடு எல்லை தாண்டி மஷ்ஹதுக்குப் போனவர். ஈரான்காரர்களின் அடுக்கு மாடிகளுக்கு சிமெண்ட் மூட்டை தூக்கினார். ராத்தங்கல் ஒரு நிலவறையில். ஒரே அறையில் பன்னிரண்டு பேரின் வேர்வை நாற்றம், ஒரு வெண்டிலேட்டர்கூடக் கிடையாது. ஜன்னல் பைத்தியம் பிடித்தது அங்கேதான் என்று அவர் மனைவி ஆதிலா சொல்வாள். ஊர் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, ஒரு மகனைப் பெற்றார். அந்த மகனும் இப்போது அதே மஷ்ஹதில் சாந்து குழைக்கிறான்.

ஆதிலா அழகு நிலையம் நடத்தினவள். வீட்டின் முன்னறையில் நாலு நாற்காலி, பெரிய கண்ணாடி, வாசலில் தலை சாய்த்த மணப்பெண் படம். வியாழக்கிழமை வந்தால் மணப்பெண்கள், அவர்களுடைய அக்கா தங்கைகள், நாத்தனார்கள் என்று தெரு அடைத்துப்போகும். அவள் கை நூலைப் பிடித்துப் புருவம் எடுக்கும். வாய் அதைவிட வேகமாக ஓடும். யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மாமியார் சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள், எல்லாம் அங்கேதான் அலசப்படும். இந்த ஆட்சி வந்தது. அழகு நிலையங்களை மூடு என்றார்கள். மணப்பெண் படத்தின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிவிட்டுப் போனார்கள். நாற்காலிகளை விறகு விலைக்கு விற்ற அன்று ஆதிலா அழவில்லை, சாப்பிடவும் இல்லை.

கலந்தருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மாடி அறையின் வடமேற்குச் சுவரை உடைத்து அவளுக்கு ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்தார். அகலமான ஜன்னல்; சட்டத்தில் சாய்ந்து உட்காரலாம். கீழே பக்கத்து வீட்டு முற்றம். அங்கே இருப்பவள் ராபியா, லாரி ஓட்டுகிற ஹக்கீமின் மனைவி. அவர்கள் வீட்டு ரொட்டி அடுப்புக் கொட்டகையின் கூரை, ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. ராபியா அந்தக் கூரையில் ஏறி உட்கார்ந்தால் இருவரும் மடியில் மடி போட்ட மாதிரிதான். வெங்காயத்தாள் வைத்த பொலானி ரொட்டி இந்தப் பக்கம் வரும், தயிர்க் கிண்ணம் அந்தப் பக்கம் போகும். ஆண் துணை இல்லாமல் ஆதிலா தெருவில் இறங்க முடியாது. இருக்கிற ஒரு ஆண் துணையோ விடிந்தால் சாரத்தில் நிற்கிறது. ஆகவே அவளுக்குக் கடைவீதி, அழகு நிலையம், அம்மா வீடு எல்லாமே அந்த ஜன்னல்தான் என்று ஆகிவிட்டது.

அதற்கும் வந்தது உத்தரவு. அடுத்த வீட்டு முற்றமோ அடுப்படியோ கிணறோ தெரிகிற ஜன்னல் எதுவும் இருக்கக் கூடாது, அடைத்துவிட வேண்டும் என்று மசூதியில் படித்தார்கள். பெண்களின் குரல் வெளியே கேட்கக் கூடாது என்பது அதற்கு முன்பே வந்துவிட்டது. முதலில் குரல், பிறகு ஜன்னல். பழைய ஹெராத்தில் முற்றம் தெரியாத மாடி ஜன்னல் எங்கே இருக்கிறது? வீடுகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கின்றன.

உத்தரவை நிறைவேற்ற எங்கள் பேட்டைக்கு வந்தவன் முல்லா துர்யாலை. தெற்கே இருந்து வந்த இளைஞன். வெள்ளை மேலங்கி, முகவாயில் மட்டும் வளர்ந்த தாடி. கத்த மாட்டான், கெட்ட வார்த்தை பேச மாட்டான். வீட்டுக்காரர்களுக்கு சலாம் சொல்லிவிட்டுத்தான் ஜன்னலைச் சுட்டிக்காட்டுவான். அப்படிப்பட்டவனிடம் சண்டை போடவும் முடியாது, அதுதான் எரிச்சல்.

அடைக்க யாரைக் கூப்பிடுவார்கள்? வைத்தவரையே கூப்பிட்டார்கள். கலந்தர் போனார். போகாவிட்டால் கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். தன் கையால் வைத்த சட்டங்களைத் தன் கையாலேயே பெயர்த்து, செங்கல் அடுக்கி, சாந்து பூசினார். வேலை குவிந்தது. அந்தக் கூலியை எண்ணிப் பார்க்காமலே ஆதிலாவிடம் கொடுத்தார்.

ஒரு நாள் துர்யாலை அவரைத் தெருவில் நிறுத்தினான்.

"உஸ்தாத், ஊர் ஜன்னல் பாதிக்கு மேல அடைச்சாச்சு. உங்க வீட்டுது?"

"பக்கத்து வீட்டு ஹக்கீம் என் கூடப்பிறக்காத தம்பி முல்லா சாகிப். அவனுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

"ஹக்கீமுக்கு இல்ல, சரி. உத்தரவுக்கு இருக்கே. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னார். ஆதிலா ஜன்னலில் சாய்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நின்றது.

"அடைச்சிட்டு என்னை எங்க வைக்கப்போறீங்க? அலமாரியிலயா?"

"நான் என்னடி பண்றது? என் பிடரியிலதானே கை வைக்கிறாங்க."

"ஊருக்கெல்லாம் காத்து கொண்டுவந்த உஸ்தாத்! எனக்கு ஒரு செங்கல் அளவு விடக்கூடாதா? ஒண்ணே ஒண்ணு. மூக்கு நுழைஞ்சா போதும்."

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சுவர் எழுப்பினார். வெளியிலிருந்து பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத சுவர். ஆனால் நடுவில் ஒரு செங்கல்லுக்குச் சாந்து கிடையாது, மணல் படுகைதான். விளிம்பில் பூசிய மெல்லிய சாந்து அந்தச் செங்கல்லோடு மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். உள்பக்கம் ஒரு ஆணி அடித்துத் துணி வளையம் கட்டினார். இழுத்தால் இழுப்பறை மாதிரி சத்தமில்லாமல் வரும், தள்ளினால் சுவர் ஆகிவிடும். ஆதிலா இழுத்துப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள். அந்தச் சந்துக்கு ராபியாவின் ஒரு கண் வந்தது.

"அக்கா, இதுல பொலானி நுழையாதே!"

"சுருட்டிக் குடுடி, நுழையும்!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கலந்தருக்குப் பத்து வயது குறைந்தது.

பெண்களுக்கு ரகசியம் பரவத் தொலைபேசி வேண்டுமா? ராபியாவின் சின்னம்மா தன் வீட்டு ஜன்னலை அவர் அடைக்கும்போது திரைக்குப் பின்னால் நின்று, "லாலா, ஆதிலாவுக்குச் செஞ்ச மாதிரியே" என்றாள். அண்ணா என்று கூப்பிட்ட பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பிறகு இன்னொரு வீடு. பிறகு தெருக்கோடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்த சிமீன் என்கிற வாயாடிப் பெண். ஏழெட்டுச் சுவர்களில் மணல் படுகைச் செங்கல் உட்கார்ந்துவிட்டது. புருஷன்மார்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாததுபோல் இருந்தார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கொத்தனார் கூரையில் ஏறினால் நாலு வீட்டு முற்றம் கண்ணில் படும். அதனால் ஏணியில் கால் வைத்ததும் "யா அல்லாஹ்!" என்று குரல் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். பெண்கள் தலையை மூடிக்கொண்டு, "வாங்க" என்று பதில் சொன்ன பிறகுதான் மேலே ஏறலாம். ஒரு தடவை கூப்பிட்டால் கொத்தனார் தனியாக வருகிறார் என்று பொருள். அவர் வேற்றாள் இல்லை, அண்ணன் மாதிரி. கூட இன்னொரு ஆண் இருந்தால், "யா அல்லாஹ், நாங்க ரெண்டு பேர்!" என்று சொல்ல வேண்டும். அப்போது பதில் வராது. பெண்கள் உள்ளே போய்விடுவார்கள்.

குரல் உத்தரவுக்குப் பிறகு கலந்தர் கூப்பிட்டால் பதில் நின்றிருந்தது. கூரைகளின் மேல் அவர் குரல் மட்டும் அநாதையாகப் போய்வந்தது. செங்கற்கள் வந்த பிறகு மெல்ல மெல்லப் பதிலும் வந்தது. "வாங்க லாலா, மூடிட்டோம்." "இருங்க லாலா, தலை ஈரமா இருக்கு." சிமீன்தான் எல்லோருக்கும் முந்தி. "லாலா, மேல இருந்து மழை வருதான்னு பாத்துச் சொல்லுங்க, துணி காயப் போட்டிருக்கேன்!" அடைத்த சுவர்களுக்குள்ளிருந்து வருகிற இந்தக் குரல்களைக் கேட்பதற்கென்றே, வேலை இல்லாத நாளிலும் மண் பூச வேண்டும், விரிசல் பார்க்க வேண்டும் என்று கலந்தர் கூரை ஏறினார். அந்தக் கொஞ்ச நாள் அவர் சந்தோஷமாக இருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு நாள் காலை துர்யாலை வந்தான். அடைத்த ஜன்னல்கள் தெருவிலிருந்து தெரிவதில்லை, எல்லாம் உள்முற்றத்தைப் பார்த்தவை. கூரைமேல் போய்ப் பார்த்தால்தான் மேலிடத்துக்கு எழுதி அனுப்பலாம்.

"வாங்க உஸ்தாத், ஏறிப் பாத்துடலாம்."

கலந்தர் ராபியா வீட்டுக்கும் அடுத்த வீட்டுச் சுவரில் ஏணியைச் சாத்தினார். அந்தக் கூரையில் நின்றால் எதிரே ராபியாவின் முற்றம், அதற்கு அந்தப் பக்கம் அவருடைய மாடிச் சுவர். மூன்றாம் படியில் துர்யாலையின் முகம் வெளுத்துவிட்டது. சமவெளிப் பிள்ளை, உயரம் ஆகாது.

"உஸ்தாத், ஏணி ஆடுது."

"ஏணி ஆடல முல்லா சாகிப், நீங்கதான் ஆடறீங்க. கீழ பாக்காதீங்க. என் கையப் பிடிங்க."

ஒரு கையில் ஏணி, ஒரு கையில் முல்லாவின் வேர்த்துப்போன உள்ளங்கை. இந்தப் பையன் விழுந்து தொலைத்தால் பழி தன் மேல் வருமே என்கிற கவலையில் கலந்தரின் புத்தி முழுக்க அந்தக் கையிலேயே இருந்தது. வாய் மட்டும் பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது.

"யா அல்லாஹ்!"

ஒரே தடவை. ரெண்டு பேர் என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது அவருக்கு உறைப்பதற்குள் எதிர்ச் சுவர் ஆதிலாவின் குரலில் பேசியது.

"வாங்க உஸ்தாத், வாங்க! ராபியா தலைய மூடிட்டா. வரும்போது மறக்காம தயிர் வாங்கிட்டு வாங்க. என்ன, அந்த ஆட்டுத்தாடி இன்னிக்கும் உங்க வால்ல தொங்குதா?"

அதற்குள் கூரை விளிம்புக்கு மேலே தலை நீட்டியிருந்த துர்யாலை முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். ஜன்னல் இல்லாத, பூசிய, நல்ல சுவர். நடுவில் கறுப்பாக ஒரு சந்து. கைவிரல்கள் தன்னையறியாமல் தாடிக்குப் போயின.

"உஸ்தாத்," என்றான். "சுவருக்கு வாய் இருக்கே."

அதன் பிறகுதான் கத்தினான். அவன் கத்தி அன்றைக்குத்தான் கேட்டோம். கூரையைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல், நாலு தெருவுக்குக் கேட்கும்படி கத்தினான். சந்துக்குப் பின்னால் சத்தமே இல்லை.

"இது உங்க வீட்டுச் சுவர் மட்டுமா? இல்ல, எல்லாச் சுவரும் இப்படித்தானா?"

"என் வீடு மட்டும்தான் முல்லா சாகிப். பொஞ்சாதி தொந்தரவு பண்ணினா. தப்புதான். என்ன தண்டனையோ குடுங்க."

"உங்கள நம்பணும்னுதான் எனக்கு ஆசை." மூச்சை அடக்கிக்கொண்டு அவன் பழைய அமைதிக்கு வந்திருந்தான். "வாங்க. ஒவ்வொரு வீட்டுப் பக்கமும் நின்னு இதே மாதிரி கூப்பிடுங்க. ஒரே தடவை. ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். எந்தச் சுவர் பதில் சொல்லுதோ அந்த வீட்டு ஆம்பள இன்னிக்கு என்னோட வருவான். உங்க சுவர கடைசியா பாத்துக்கலாம்."

அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்ல அந்தப் பெண்களை மறுபடி பழக்கிவிட்டவரே கலந்தர்தான். ஒரு தடவை கூப்பிட்டால் தனியாள், அண்ணன், பேசலாம். அந்த நம்பிக்கையை வைத்தே அவர்களைப் பிடிக்கப் போகிறான்.

ராபியாவின் சின்னம்மா வீடு. நின்றார்.

"யா அல்லாஹ்!"

பேசாதே தாயே, பேசாதே என்று உள்ளுக்குள் மன்றாடினார். காற்று மட்டும் அடித்தது. துர்யாலை காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பிறகு தலையசைத்தான்.

அடுத்த வீடு. சத்தமில்லை. அதற்கடுத்த வீட்டில் ஏதோ பாத்திரம் நகர்ந்தது. பூனை வெளியே வந்தது. ஒவ்வொரு கூரையாகப் போனார்கள். தானே பிசைந்து, தானே பூசிய சுவர்களின் முன்னால் நின்று, கொலைகாரன் சாட்சியைக் கூப்பிடுவதுபோல அவர் கூப்பிட்டார். சுவர்கள் சுவர்களாகவே இருந்தன.

கடைசியில் சிமீன் வீடு. கால் கூரையில் படுவதற்கு முன்பே பதில் சொல்கிறவள். அவளுடைய புருஷன் தையல் கடைப் பையன், ஊதினால் பறந்துவிடுவான், ஒரு அடி தாங்க மாட்டான். கலந்தர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"கூப்பிடுங்க உஸ்தாத்."

"யா அல்லாஹ்!"

முற்றத்தில் கொடி நிறையத் துணி ஆடியது. சிமீன் அங்கே, அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறாள். அவளுடைய செருப்பு வாசலில் கிடந்தது. ஒரு நிமிஷம். இன்னும் கொஞ்ச நேரம். எதுவும் இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கலந்தர் வாய்விட்டுச் சொன்னார். அடக்க முடியவில்லை. உடம்பில் இருந்த காற்று மொத்தமும் அந்த ஒரு சொல்லில் வெளியே போனது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

துர்யாலைக்கு அது பிடித்திருந்தது. "அல்லாஹ் உங்கள நல்லபடியா வைக்கட்டும்" என்றான். மற்றச் சுவர்களைப் பற்றி அவன் மனதில் இருந்த சந்தேகம் போய்விட்டது தெரிந்தது. இறங்கும்போது கையைக் கேட்டான், கலந்தர் கொடுத்தார்.

தெருவில் வைத்து முதுகில் கயிற்றால் நாலு விளாசல். மேலிடத்துக்கு அனுப்பாமல் விட்டது தன் பெருந்தன்மை என்றான். பிறகு ராபியாவின் முற்றத்தில் ஏணியைச் சாத்தி, அவன் கீழே நின்று பார்க்க, கலந்தர் அந்தச் செங்கல்லைப் பெயர்த்தார். மணலைச் சுரண்டினார். சிமெண்ட் குழைத்து நாலு பக்கமும் அப்பினார். சந்துக்குள் அறை இருட்டாக இருந்தது. ஆதிலா உள்ளேதான் இருந்தாள், மூச்சு விடும் சத்தம் அவருக்குக் கேட்டது. செங்கல்லை வைத்துத் தட்டினார். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னான் துர்யாலை. பார்த்தார், சரியாக இருந்தது.

சாயங்காலம் தயிர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். முதுகு எரிந்தது. ஆதிலா வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து ஒற்றி எடுத்தாள், எண்ணெய் தடவினாள். ரொட்டி வைத்தாள், சூப் வைத்தாள். மாடி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்திருக்கும், உள்ளே அது தெரிய வழியில்லை.

"பொண்ணுங்க எல்லாரும் கெட்டிக்காரிங்க," என்றார் கலந்தர். ஏதாவது பேச வேண்டும் என்று இருந்தது. "அவன் கத்தினத கேட்டுட்டு வாயே திறக்கல. ஒருத்திகூட. சிமீன்கூட!"

"கேட்டேன்."

"அவங்க சுவர் எல்லாம் அப்படியே இருக்கு, தெரியுமா? செங்கல் பத்திரமா இருக்கு."

"இருக்கும். இனிமே யார் இழுக்கப்போறா?" ஆதிலா ரொட்டியைப் பிய்த்து அவர் பக்கம் நகர்த்தினாள். "சந்த நீங்க அடைக்கறதுக்கு முன்னால அதுல காத வச்சிட்டு உக்காந்திருந்தேன். ஒவ்வொரு கூரையா நீங்க கூப்பிட்டது எல்லாம் கேட்டுச்சு. கடைசியில சொன்னதும் கேட்டுச்சு."

"என்ன சொன்னேன்?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

"நாங்க ஒருத்தரும் பேசலன்னதும் நீங்க அல்லாவுக்கு நன்றி சொன்னீங்க."

கலந்தர் கையில் எடுத்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார்.